வேறு கல்லூரிக்கு மாறக்கூடிய வீரர் யாருடன் ஒப்பந்தம் செய்யலாம்?

அமெரிக்கக் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துப் பணம் பெறுவதற்கு, அந்நாட்டின் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ. 2021 ஜூலை 1 முதல் வழிவிட்டது. அமெரிக்கக் கால்பந்து, கூடைப்பந்து போன்ற பெரிய விளையாட்டுகளில் கல்லூரி மாறுகிறவர் ஓராண்டு களத்துக்கு வெளியே உட்கார வேண்டும் என்ற பழைய கட்டுப்பாட்டையும், முதல் முறை மாறுவோருக்கு மட்டும், அதே ஆண்டில் தளர்த்தியது. நீதிமன்ற நெருக்கடி வந்தபின், 2024 ஏப்ரலில், படிப்பில் தகுதி குறையாத எவரும் எத்தனை முறை மாறினாலும் உடனே விளையாடலாம் என்று அந்தச் சங்கம் முழுவதுமாக விட்டுக்கொடுத்தது. தனித்தனியாகப் பார்த்தால் இந்த இரண்டு உரிமைகளிலும் குழப்பம் இல்லை. ஒரு கல்லூரியின் சீருடையில் இருக்கும்போது இரண்டு ஆண்டுகளுக்குக் கையெழுத்திட்டவர் முதல் ஆண்டின் முடிவிலேயே வேறொரு சீருடைக்கு மாறும்போதுதான் அவை ஒன்றோடொன்று மோதுகின்றன.

பிக் டென், எஸ்.இ.சி. போன்ற பெரிய கூட்டமைப்பு ஒன்றில் அமெரிக்கக் கால்பந்து ஆடுகிற, இன்னும் இரண்டு பருவங்கள் மீதமுள்ள, இடம் மாறுவோமா மாட்டோமா என்று தனக்கே உறுதியாகத் தெரியாத ஒரு வீரரை வைத்து இதைப் பார்க்கலாம். அவருக்குப் பணம் கொடுக்க நான்கு வகையினர் முன்வரக்கூடும்: நாடு முழுவதும் விற்கும் வணிக நிறுவனம், கல்லூரி ஊரின் வணிகர், கல்லூரி ஆதரவாளர்கள் திரட்டிய நிதியில் இயங்கும் ‘கலெக்டிவ்’ என்ற அமைப்பு, கடைசியாக 2025 ஜூலை முதல் பல்கலைக்கழகமே. இவர்களில் யார் அதிகம் தருகிறார் என்பதைவிட, வீரர் வெளியேறும் நாளில் யாருடைய கணக்கு எப்படித் தீரும் என்பதே முடிவெடுக்க உதவும் அளவுகோல் என்பது என் கருத்து. பணம் எந்த அளவுக்கு அந்தச் சீருடையோடு கட்டப்பட்டிருக்கிறதோ அந்த அளவுக்கு வெளியேற்றம் விலையுயர்ந்ததாகிறது.

அந்த வகையில் மிகக் குறைந்த இடையூறு தருவது தேசிய நிறுவனத்துடனான ஒப்பந்தம். ஷெடூர் சாண்டர்ஸ் 2022 ஜனவரியில் கேட்டரேட் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தபோது ஜாக்சன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இருந்தார். அந்த ஆண்டின் இறுதியிலேயே, பயிற்சியாளரான தன் தந்தையோடு கொலராடோவுக்குச் சென்றார். பானம் விற்கும் நிறுவனத்துக்கு அவருடைய முகமும் அவரைப் பின்தொடரும் கூட்டமும்தான் தேவை. அவர் மிசிசிப்பியில் ஆடுகிறாரா மலைநாட்டில் ஆடுகிறாரா என்பது இரண்டாம்பட்சம். 2024 ஜூலையில் வெளியான ஈ.ஏ. ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தின் கல்லூரிக் கால்பந்து வீடியோ கேம், தன்னில் இடம்பெற இசைந்த ஒவ்வொரு வீரருக்கும் 600 டாலரும் விளையாட்டின் ஒரு பிரதியும் கொடுத்தது. தொகை சிறியதுதான், ஆனால் எந்தக் கல்லூரியில் ஆடினாலும் அதே தொகைதான் என்பதால் இடமாற்றம் அதன் கணக்கைக் கலைக்கவில்லை.

இவ்வகை ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டியது கல்லூரியின் சின்னம் எங்கே வருகிறது என்பதை. விளம்பரப் படத்தில் வீரர் தன் அணியின் சட்டையோடு நிற்க வேண்டுமானால் அதற்குப் பல்கலைக்கழகத்தின் தனி உரிமம் தேவைப்படும். அவர் வெளியேறும்போது அந்த உரிமம் அவரோடு வராது, எடுத்த படங்களையும் நிறுவனம் தொடர்ந்து காட்ட முடியாமல் போகலாம். விளையாட்டுக் காலணி, ஆடை நிறுவனங்களின் ஒப்பந்தங்களில் இது இன்னும் கூர்மையாகிறது. ஜார்ஜியா, ஒரெகன், அலபாமா ஆகியவை நைக்கியின் கல்லூரிகள். மயாமி, நெப்ராஸ்கா, டெக்சஸ் ஏ அண்ட் எம் ஆகியவை அடிடாஸின் கல்லூரிகள். அடிடாஸோடு தனியாக ஒப்பந்தம் வைத்திருக்கும் வீரர் நெப்ராஸ்காவிலிருந்து ஒரெகனுக்குப் போனால், போட்டியன்று நைக்கியைத்தான் அணிந்தாக வேண்டும்; ஏனெனில் அணியின் ஒப்பந்தத்தோடு முரண்படும் தனி ஒப்பந்தத்துக்குப் பல மாநிலச் சட்டங்களே இடம் தருவதில்லை. ஆகவே போட்டி நிறுவனத்தின் கல்லூரிக்கு மாறினால் தொகை குறையுமா, ஒப்பந்தமே முடியுமா, முன்பணம் திரும்ப வேண்டுமா என்ற மூன்று கேள்விகளுக்கும் ஒப்பந்தத்திலேயே விடை எழுதப்பட்டிருக்க வேண்டும். இவ்வகையின் பெருங்குறை வேறொன்று: தேசிய நிறுவனங்கள் தேடிவருவது மிகச் சிலரைத்தான். தாக்குதல் வரிசையில் நின்று, பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கைக் காக்கும் வீரர் எவ்வளவு திறமைசாலியானாலும் கேட்டரேட் அவர் வீட்டுக் கதவைத் தட்டுவது அரிது.

உள்ளூர் வணிகரின் ஒப்பந்தத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கார் விற்பனையாளரும் பீட்சா கடைக்காரரும் தம் ஊர் அணியின் வீரரைத்தான் வாங்குகிறார்கள். வீரர் ஊரை விட்டால் அவர்களுக்கு அவரால் பயனில்லை, அவருக்கும் அவர்களால் பயனில்லை. மாதாமாதம் பணம், எந்தப் பக்கமும் முப்பது நாள் முன்னறிவிப்பில் விலகலாம் என்று எழுதிக்கொண்டால் பிரிவு சுமுகமாக முடியும். காரை ஓட்டக் கொடுத்திருந்தால் அதை எந்த நாளில், எந்த நிலையில் திருப்பித் தர வேண்டும் என்பதை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

மூன்றாவது வகையான கலெக்டிவ்களில்தான் கடந்த சில ஆண்டுகளின் பெரும்பாலான மனக்கசப்புகள் விளைந்தன. பெயரளவில் இவை வீரரின் விளம்பர உரிமையை வாங்குகின்றன. உண்மையில் வாங்குவது, அவர் அந்தக் கல்லூரியில் தொடர்ந்து இருப்பதைத்தான். ஜேடன் ரஷாடா என்ற குவார்ட்டர்பேக் 2022 நவம்பரில் ஃபுளோரிடாவின் கேட்டர் கலெக்டிவுடன் 1 கோடியே 38.5 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் செய்தார். முதல் தவணையாக 5 லட்சம் டாலர் வர வேண்டிய டிசம்பரில் பணம் வரவில்லை. ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்ற கடிதம்தான் வந்தது. அவர் அரிசோனா ஸ்டேட், ஜார்ஜியா என்று மாறி, 2024 மே மாதம் ஃபுளோரிடாவின் தலைமைப் பயிற்சியாளர் உள்ளிட்டோர் மீது வழக்குத் தொடுத்தார். கோடிக்கணக்கில் எழுதியிருந்தாலும் கொடுப்பவர் நினைத்த நேரத்தில் விலகலாம் என்ற ஒரு விதி இருந்தால் அந்த எண்ணுக்குப் பொருளில்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு இல்லை. எழுத்தே இல்லாமல் போவது இன்னும் மோசம். மேத்யூ ஸ்லூக்கா 2024 செப்டம்பரில், தன் அணியான யு.என்.எல்.வி. மூன்று போட்டிகளையும் வென்றிருந்த நிலையில், ஒரு லட்சம் டாலர் தருவதாக வாய்மொழியாகச் சொன்னதைத் தரவில்லை என்று கூறிப் பாதியிலேயே விலகினார். அப்படியோர் ஒப்பந்தமே இல்லை என்பது மறுதரப்பின் பதில்.

கலெக்டிவும் திருப்பிக் கேட்கும் என்பதற்கு 2025 ஏப்ரல் சாட்சி. டென்னஸியின் குவார்ட்டர்பேக் நிக்கோ இயமலியவா தொகை குறித்த பேச்சுவார்த்தை முறிந்து கலிஃபோர்னியாவின் யு.சி.எல்.ஏ.வுக்குச் சென்றதையொட்டி, ஆர்கன்சாவில் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்த அவர் தம்பி மேடனும் அங்கேயே போனார். ஆர்கன்சாவின் கலெக்டிவ், ஒப்பந்தத்தின் விலகல் விதியைக் காட்டி அவரிடம் சுமார் 2 லட்சம் டாலர் கேட்டது. பல்கலைக்கழகத்தின் விளையாட்டு இயக்குநரும் அதை வெளிப்படையாக ஆதரித்தார். அண்ணனுக்குப் புதிய இடத்தில் கிடைத்தது பழைய தொகையைவிடக் குறைவு என்றே அப்போதைய செய்திகள் கூறின. போதாக்குறைக்கு, டென்னஸி மாநிலம் சம்பள வருமானத்துக்கு வரி விதிப்பதில்லை. கலிஃபோர்னியாவின் உச்ச வரி விகிதம் 13.3 சதவீதம். மாறுகிற வீரர்கள் ஒப்பந்தத் தொகைகளை ஒப்பிடும்போது இந்தக் கழித்தலைப் போட மறந்துவிடுகிறார்கள்.

இனி நான்காவது வகை. கல்லூரி வீரர்கள் என்.சி.ஏ.ஏ. மீது தொடுத்த ‘ஹவுஸ்’ வழக்கின் சமரசத்தை நீதிபதி கிளாடியா வில்கன் 2025 ஜூன் 6 அன்று ஏற்றதன் பயனாக, அந்த ஜூலை முதல் பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். 2025-26 ஆண்டுக்கு ஒரு பல்கலைக்கழகத்தின் உச்சவரம்பு 2.05 கோடி டாலர். இதை வருவாய்ப் பகிர்வு என்கிறார்கள். சட்டப்படி இது சம்பளம் அன்று, வீரரின் பெயரையும் உருவத்தையும் பயன்படுத்தும் உரிமத்துக்கான விலை. இந்த நுணுக்கம் வழக்கறிஞர்களுக்கு மட்டுமானது என்று ஒதுக்கிவிட முடியாது; வெளியேறும் நாளில் எல்லாம் இதைச் சுற்றித்தான் நடக்கிறது.

ஒருவரைத் தனக்காகவே விளையாடியாக வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் உத்தரவை அமெரிக்க நீதிமன்றங்கள் பொதுவாகத் தருவதில்லை. அதனால் பல்கலைக்கழகங்களுக்கு மூன்று கருவிகள் மிஞ்சுகின்றன: கல்லூரி மாற விரும்புவோரின் பெயர்ப் பட்டியலான ‘போர்ட்டலில்’ பெயரைப் பதியாமல் தாமதிப்பது, முன்கூட்டியே எழுதிவைத்த இழப்பீட்டைக் கேட்பது, வீரரின் உருவ உரிமம் இன்னும் தன்னிடமே இருக்கிறது என்று வாதிடுவது. மூன்றும் சோதித்துப் பார்க்கப்பட்டுவிட்டன.

முதல் கருவியை எடுத்தது விஸ்கான்சின். அங்கே முதலாண்டு ஆடிய சேவியர் லூக்கஸ் இரண்டாண்டு வருவாய்ப் பகிர்வுக்குக் கையெழுத்திட்ட சில வாரங்களுக்குள் போர்ட்டலில் சேர்க்கக் கேட்டார், பல்கலைக்கழகம் மறுத்தது. அவர் 2025 ஜனவரியில் கல்லூரியிலிருந்தே விலகி, சாதாரண மாணவரைப் போல மயாமியில் சேர்ந்துவிட்டார். அப்படிச் சேருபவர் விளையாடுவதைத் தடுக்கும் விதி தன்னிடம் இல்லை என்று என்.சி.ஏ.ஏ. கூறியது. தோற்ற கருவியை வைத்துவிட்டு, விஸ்கான்சின் அந்த ஜூனில் வழக்குத் தொடுத்தது. ஆனால் வீரர் மீது தொடுக்கவில்லை, தன் ஒப்பந்தத்தில் தலையிட்டதாக மயாமி பல்கலைக்கழகத்தின் மீது தொடுத்தது. வீரரைத் துரத்துவது அடுத்த ஆண்டு ஆள் சேர்க்கும்போது தன்னையே பாதிக்கும் என்பது எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் தெரிந்த கணக்குதான்.

அந்தத் தயக்கத்தை ஜார்ஜியா உடைத்தது. டேமன் வில்சன் அங்கே 2024 டிசம்பரில், கல்லூரி ஆதரவு பெற்ற கலெக்டிவுடன் 14 மாதங்களுக்கு 5 லட்சம் டாலர் என்ற அளவில் ஒரு சுருக்கப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். முழு ஒப்பந்தம்கூட அன்று, விதிகளைச் சுருக்கமாகக் குறித்த தாள். 30,000 டாலரைப் பெற்றபின் அடுத்த மாதமே அவர் மிசூரிக்குச் செல்ல, ஜார்ஜியா விளையாட்டு அமைப்பு 3.9 லட்சம் டாலரை இழப்பீடாகக் கேட்டு நடுவர் மன்றத்தை நாடியது. வாங்கியதைப் போலப் பதின்மூன்று மடங்கு. முன்கூட்டி எழுதப்படும் இழப்பீடு உண்மையான நட்டத்துக்கு நியாயமான மதிப்பீடாக இருந்தால் செல்லும், தண்டனையாக இருந்தால் செல்லாது என்பது அங்குள்ள ஒப்பந்தச் சட்டத்தின் பழைய கோட்பாடு. ஒரு தற்காப்பு வீரர் வெளியேறியதால் அவருடைய ‘விளம்பர உரிமம்’ வழியாக ஜார்ஜியா உண்மையில் எவ்வளவு இழந்தது? அது விளையாட்டுத் திறனுக்கான விலை என்று ஒப்புக்கொண்டால், அவர் ஊழியர் என்ற வாதத்துக்குக் கதவு திறக்கும். விளம்பர உரிமத்துக்கானது என்றே நின்றால், 3.9 லட்சத்தை நியாயப்படுத்துவது கடினம். வில்சன் தரப்பு 2025 டிசம்பரில் மிசூரி நீதிமன்றத்தில் எதிர்வழக்குத் தொடுத்தபோது தண்டனை என்ற வாதத்தையே முன்வைத்தது. என் பார்வையில் வீரர் தரப்பின் வாதமே வலுவானது. ஆனால் வலுவான வாதம் கைவசம் இருப்பதும், பத்தொன்பது இருபது வயதில் அதற்காக இரண்டு மாநிலங்களில் வழக்கறிஞர் வைப்பதும் வேறு வேறு.

மூன்றாவது கருவிதான் இப்போதைக்குக் கூர்மையானது. டியூக் பல்கலைக்கழகத்தின் குவார்ட்டர்பேக் டேரியன் மென்சா 2026 ஜனவரியில் வெளியேற முனைந்தபோது, அவருடைய பெயர், உருவ உரிமைகளைக் கல்லூரி விளையாட்டுத் துறையில் பயன்படுத்தும் தனியுரிமம் அந்த ஆண்டின் இறுதிவரை தன்னிடம் இருக்கிறது என்று டியூக் நீதிமன்றம் சென்றது. அவர் வேறு கல்லூரிக்குப் போய் விளையாடுவதைத் தடுக்கவும் டியூக் கேட்டது. அந்தத் தடை கிடைக்காவிட்டாலும், உருவ உரிமை இல்லாமல் எந்தப் பல்கலைக்கழகம் அவருக்குப் பணம் தரும், யார் அவர் படத்தை அச்சிடுவார்கள்? சில நாட்களில் இரு தரப்பும் சமரசத்துக்கு வந்து, அவர் மயாமிக்குச் சென்றார். அதே மாதத் தொடக்கத்தில் வாஷிங்டனின் டிமாண்ட் வில்லியம்ஸ், புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட சில நாட்களிலேயே விலகுவதாக அறிவித்து, பல்கலைக்கழகம் சட்ட நடவடிக்கைக்கு ஆயத்தமானதும் இரண்டே நாளில் திரும்பிவிட்டார். ஆக, நான்கு வகைகளில் பணம் வருவது மிகவும் உறுதியானது பல்கலைக்கழக ஒப்பந்தத்தில்தான். தவணை தவறும் அச்சம் குறைவு. ஆனால் நான்கிலும் வெளியேறக் கடினமானதும் அதுவே.

வீரர் எந்த மாநிலத்துக்குப் போகிறார் என்பதும் கணக்கில் வர வேண்டும். ஃபுளோரிடாவின் சட்டம், விளம்பர ஒப்பந்தம் எதுவும் மாணவர் கல்லூரி விளையாட்டில் பங்கேற்கும் காலத்தைத் தாண்டி நீளக் கூடாது என்றது. இந்த விதியைப் பிடித்துக்கொண்டுதான் கெர்வான் டெக்ஸ்டர் என்ற முன்னாள் ஃபுளோரிடா வீரர், 4,36,485 டாலர் முன்பணத்துக்கு ஈடாகத் தன் தொழில்முறை வருமானத்தில் 15 சதவீதத்தை 25 ஆண்டுகளுக்கு எழுதிக்கொடுத்த ஒப்பந்தம் செல்லாது என்று 2023இல் வழக்குத் தொடுத்தார். (எந்த வகையிலும் சேராத இப்படிப்பட்ட ஒப்பந்தத்தை நான் இங்கே ஒரு தெரிவாகவே கருதவில்லை.) மேலும், புதிய இடத்தில் வெளியார் தரும் 600 டாலர் அல்லது அதற்கு மேற்பட்ட ஒப்பந்தங்கள் ‘என்.ஐ.எல். கோ’ என்ற சரிபார்ப்பு அமைப்பில் பதிவாக வேண்டும். கல்லூரியோடு தொடர்புடையவர் தருவதானால் உண்மையான வணிக நோக்கமும் நியாயமான விலையும் உண்டா என்று அது பார்க்கும். புதிய கல்லூரியின் ஆதரவாளர் ‘உன் விலகல் தொகையை நான் கட்டுகிறேன்’ என்று சொல்வது இந்தச் சல்லடையில் தேறாமல் போகலாம். அந்தத் தொகை கிடைப்பதாக எண்ணிப் பழைய ஒப்பந்தத்தை முறிப்பது ஆபத்து.

நம்மவர்களுக்கு ஒரு கூடுதல் வரம்பு. வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்துக்காக டென்னிஸ் ஆடிய மதுரையின் தக்ஷிணேஸ்வர் சுரேஷைப் போல இந்தியாவிலிருந்து செல்லும் வீரர்கள் பெரும்பாலும் எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்கள். அமெரிக்க மண்ணில் படப்பிடிப்புக்குப் போவதும் நிகழ்ச்சியில் தோன்றுவதும் அனுமதியற்ற வேலையாகக் கருதப்படக்கூடும். காங்கோவிலிருந்து வந்த கூடைப்பந்து வீரர் ஆஸ்கர் ஷீப்வே, கென்டக்கி அணி 2022 ஆகஸ்டில் பஹாமாஸ் சென்றிருந்த நாட்களில்தான் தன் விளம்பர வேலைகளை முடித்துக்கொண்டார். விசா வைத்திருப்பவர் கல்லூரி மாறும்போது அவருடைய குடியேற்றப் பதிவும் மாற வேண்டும். அந்த இடைவெளியில் எந்த விளம்பர வேலையையும் ஏற்காமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

இவற்றை வைத்துப் பார்த்தால், இடமாற்றத்துக்கு வாய்ப்புள்ள வீரருக்கு நான் பரிந்துரைப்பது ஓர் ஆண்டுக்கான பல்கலைக்கழக ஒப்பந்தமும், கல்லூரிச் சின்னம் இல்லாத ஒன்றிரண்டு வெளி ஒப்பந்தங்களும். இரண்டாண்டு ஒப்பந்தத்தில் வழக்கமாகச் சற்றுக் கூடுதல் தொகை இருக்கும். காயம் பட்டாலும் இரண்டாம் ஆண்டுப் பணம் வரும் என்ற உறுதியும் அதோடு எழுதப்பட்டிருந்தால் மட்டுமே அதை ஏற்கலாம். அப்படி உறுதி இல்லாத இரண்டாண்டு ஒப்பந்தம் ஒரு பக்கத்தை மட்டுமே கட்டுகிறது. விலகல் தொகை எழுதுவதைத் தவிர்க்க முடியாவிட்டால், அது வாங்கிய பணத்தின் ஒரு பங்காக இருக்க வேண்டும், வாங்காத பணத்தின் பங்காக இருக்கக் கூடாது. மாதந்தோறும் குறைய வேண்டும். புதிய பல்கலைக்கழகம் நேரடியாகக் கட்டலாம் என்ற அனுமதி வேண்டும். தலைமைப் பயிற்சியாளர் மாறினால் அது நீங்க வேண்டும். இந்தக் கடைசி விதியைப் பல பல்கலைக்கழகங்கள் மறுக்கும். கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை. உருவ உரிமம் வெளியேறும் நாளோடு முடிகிறது என்ற வரி இல்லாமல் எந்தத் தொகைக்கும் கையெழுத்திடக் கூடாது என்பதில் மட்டும் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஏற்கனவே கடைசி ஆண்டில் இருப்பவருக்கோ, பட்டம் முடித்துத் தொழில்முறைக்குப் போவது உறுதியானவருக்கோ இந்த எச்சரிக்கைகளில் பாதி தேவையில்லை; அவர்கள் கூடுதல் தொகையையே தேடலாம்.

காலம் குறித்தும் ஒன்று. கால்பந்தில் கல்லூரி மாறப் பெயர் கொடுக்கும் வசந்தகாலச் சாளரத்தை என்.சி.ஏ.ஏ. 2025இல் நீக்கிவிட்டதால், பெரும்பாலோருக்கு ஜனவரி 2 முதல் 16 வரை 15 நாட்கள் மட்டுமே இருக்கின்றன. போர்ட்டலில் பெயர் சேருவதற்கு முன் வேறு பல்கலைக்கழகம் வீரரோடு பேசக் கூடாது. சில ஒப்பந்தங்களிலோ போர்ட்டலில் பெயர் சேருவதே விலகலாகக் கணக்கிடப்பட்டு, மாதத் தொகை அன்றே நின்று, விலகல் தொகையும் அன்றிலிருந்தே நிலுவையாகிறது. அதனால் எங்கே போவது என்று தெரிவதற்கு முன்பே போவதன் விலை தெரிந்திருக்க வேண்டும்; பழைய ஒப்பந்தத்தின் முழு நகலையும் இணைப்புகளையும் டிசம்பர் முதல் வாரத்திலேயே, முகவரைச் சாராத ஒரு வழக்கறிஞரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டும். இடமாற்றம் நடந்தால்தான் முகவருக்குப் புதிய பங்கு கிடைக்கும் என்பதால், இந்தக் கேள்வியில் அவர் நடுநிலையானவர் அல்லர்.